கால் படாத மண்

சில நாட்களாகவே அகிலா அழுவதில்லை. பிறந்ததிலிருந்து பசி வந்தால் கட்டடத்தையே கூட்டிவிடுகிற குழந்தை அவள். இப்போது கண் விழித்தாலும் சத்தமில்லை. ஜன்னல் வழியாக வெயில் விழும் இடத்தில் போட்டால் போட்டபடி கிடக்கிறாள். அப்பாடா என்று உமாராணி முதலில் சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

பர் துபாயில், மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த பக்கத்தில், ஐந்தாவது மாடியில் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான் வீடு. அந்த ஹாலில் பாதியைப் பாம்பு எடுத்துக்கொண்டது. அவள் கணவன் மணிமாறனின் மானேஜர் கோடை லீவில் ஊருக்குக் கிளம்பும்போது, கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மடகாஸ்கர் காட்டுப் போவா, மலைப்பாம்பு மாதிரி ஒரு வகை. விஷம் கிடையாது, நாளெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். ஆள் தொடை கனம் இருந்தது. கடிக்கவே தெரியாது, ரொம்ப சாது என்று மானேஜர் சொன்னதை, மணிமாறன் ஏதோ தானே தூக்கி வளர்த்த மாதிரி அவளிடம் சொன்னான். விசா புதுப்பிக்க வேண்டிய வருடம். மானேஜர் புலியைக் கொண்டுவந்து கட்டியிருந்தாலும் அவன் தடவிக்கொடுத்திருப்பான். ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் உறைந்த எலிகள் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து உமாராணி மீன் சமைக்கவில்லை.

அவளுக்குப் பால் அதிகம். குழந்தை குடித்தது போகவும் கட்டிக்கொண்டு வலிக்கும். பீய்ச்சி எடுத்தால்தான் படுக்க முடியும். அந்தப் பாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, சூட்டில் ஊற்றக் கூடாது, ஊற்றினால் சுரப்பு நின்றுவிடும் என்று போன் கார்டு தீர்வதற்குள் அம்மா ஊரிலிருந்து அவசர அவசரமாகச் சொல்லியிருந்தாள். "கால் படாத மண்ணா பாத்து ஊத்துடி."

ஐந்தாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கீழே இறங்கினால் தார், சிமெண்டு, பள்ளம், கொதிக்கிற மணல். வீட்டில் மண் இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான். அதில் யார் காலும் படாது. பாம்புக்குப் பால் வார்த்தால் புண்ணியம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மூடியின் கம்பிவலை வழியாக, கண்ணை இறுக்கி மூடியபடி டம்ளரைச் சாய்த்தாள். மண் உறிஞ்சிக்கொண்டது. பிறகு அதுவே தினப்படி வழக்கமாகிவிட்டது. மணிமாறனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வான்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் வாடை மாறியது. குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கழுத்து மடிப்பில் முகம் வைத்து மோந்தால் பால் வாடைக்குப் பதிலாக, மழை நின்ற பிறகு கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்த ஈரமண் வாடை வந்தது. எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை. துண்டில் ஒருநாள் மெல்லிய தோல் ஒட்டியிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குழந்தையின் சுண்டுவிரல், நகத்தின் தடத்தோடு, உறை கழற்றிய மாதிரி முழுசாக இருந்தது. அவள் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவினாள்.

தொட்டிப் பக்கம் போனால் பவுடர் மணத்தது. மண்ணுக்குள் கிடக்க வேண்டிய பாம்பு மேலே வந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக் கிடந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. போட்ட எலி போட்டபடி அழுகியது. ஆனாலும் பாம்பு பெருத்துக்கொண்டுதான் வந்தது. உமாராணி பயந்துபோய்ப் பால் ஊற்றுவதை நிறுத்தினாள். அப்போதிலிருந்து அது அவள் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது.

பக்கத்து ஃபிளாட் அஸ்மத் பீவி கீழக்கரைக்காரர். வரும்போதெல்லாம் அகிலாவைத் தூக்கிக் கொஞ்சாமல் போக மாட்டார். அன்றும் ஆசையாகத் தூக்கினார். தூக்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னம்மா இது, புள்ள மேலு இப்புடிச் சில்லுண்டு கெடக்குது?"

ஏசிக்காற்று என்று உமாராணி சமாளித்தாள். அஸ்மத் பீவி தன் உள்ளங்கையை முந்தானையில் துடைத்தபடியே கிளம்பிப் போனார். டாக்டரிடமும் காட்டியாயிற்று. எடை சரியாக இருக்கிறது, குழந்தை சமர்த்து, ஏசியைக் குறைத்து வையுங்கள் என்றார் அவர்.

புழுதிக்காற்று அடித்த மத்தியானம் மணிமாறன் டூட்டியில் இருந்தான். வெளியே பட்டப்பகல் சாணிப் பழுப்பாகி எதிர்க் கட்டடமே மறைந்துவிட்டது. சரியாக மூடாத பழைய ஜன்னலின் இடுக்கு வழியாக மாவு போன்ற புழுதி உஸ்ஸென்று இறங்கி, தரையில் திட்டாகக் குவிந்துகொண்டிருந்தது. உமாராணி மார்பை எடுத்து அகிலாவின் வாயில் வைத்தாள். உதடு அசையவில்லை. பிதுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. கல்லாகக் கட்டி, தொட்டால் உயிர் போகிற வலி. என் பிள்ளை பட்டினி கிடக்கிறாளே, என்னால் கொடுக்க முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. மணிமாறனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, இந்தப் பாம்பை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க. புள்ளைக்கு என்னமோ ஆகுது."

"இன்னும் கொஞ்ச நாள்தான் உமா, மானேஜர் வந்துடுவாரு. அது பாவம், எதையும் திங்காமப் பட்டினி கெடக்குது. அதப் போயி..."

லைன் கரகரத்து அறுந்தது. அவள் போனை வைத்தாள்.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது.

மெல்லிய, மூக்கடைத்த அழுகை. ங்கா... ங்கா... விட்டு விட்டு வந்தது. அகிலாவின் குரல்.

குனிந்து மடியைப் பார்த்தாள். அகிலாவின் வாய் மூடியிருந்தது.

சத்தம் தொட்டியிலிருந்து வந்தது.

உமாராணி திரும்பிப் பார்த்தாள். பாம்பு வாயைத் திறந்திருந்தது. பல் தெரியவில்லை. இளஞ்சிவப்பான ஈறு தெரிந்தது. மறுபடியும் அழுதது. பசி அழுகை. அவளுக்குத் தெரியாத அழுகையா?

மார்பு நெகிழ்ந்தது.

வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். பால் கேட்கவில்லை. சுரீரென்று இறங்கியது. ரவிக்கை நனைந்தது. வயிற்றில் வழிந்தது. நாட்கணக்கில் கட்டியிருந்த வலி விட்டுப்போனதில் கண் சொக்கியது.

குழந்தையைத் தரையில் விட்டது தெரியவில்லை. எழுந்தது தெரியவில்லை. மூடியின் கொக்கி விரலில் பட்டது.

கனம். சூடு. காய்ச்சல்கார உடம்பின் சூடு. தோளில் ஏறி, கழுத்தடியில் முட்டி, தேடியது. கண்டுபிடித்தது.

அழுகை நின்றது.

அவள் கை அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. நிறுத்தப் பார்த்தாள். தட்டிக்கொண்டே இருந்தது.

பின்னால் சரசரவென்று ஏதோ தேய்ந்தது. கழுத்தை மட்டும் திருப்பினாள்.

ஜன்னலடியில் அகிலா குப்புறக் கிடந்தாள். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கால்கள் சேர்ந்திருந்தன. குவிந்த புழுதிக்குள் முகத்தைப் புதைத்து, நெளிந்து நெளிந்து, இன்னும் ஆழம் தேடிக்கொண்டிருந்தாள்.

மூச்சு முட்டிவிடும். ஓடிப்போய்த் தூக்க வேண்டும். உமாராணி காலை எடுத்துவைக்கப் பார்த்தாள். முடியவில்லை. மார்பில் குடித்துக்கொண்டிருந்தது இன்னும் வாயை எடுக்கவில்லை.