நாலாயிரத்துப் பதினொன்றாவது புள்ளி

பகல் இரண்டு மணிக்குப் பட்டியல் மேடம் ஆமையின் அறைக்கு வந்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு கணினி, இரண்டு நாற்காலி. ஆள் போய்ப் பன்னிரண்டு நாளாகியும் தைல வாடை போகவில்லை.

தொலைநோக்கி அனுப்பும் எக்ஸ்ரே படத்தில் எல்லாமே புள்ளிதான். சில புள்ளிகள், எட்டாத தூரத்து விண்மீன் மண்டலங்களின் நடுவே கருந்துளை தீனி தின்னும் வெளிச்சம். மற்றவை வெறும் இரைச்சல். இரண்டு பேர் தனித்தனியே பார்த்து "உண்டு", "இல்லை" என்று குறிக்க வேண்டும். இருவரும் "இல்லை" என்றால் புள்ளி பட்டியலை விட்டுப் போய்விடும். திரும்பக் கொண்டுவர, இரண்டாமவர் முதலில் "உண்டு" என்று குறித்து, முதலாமவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

பட்டியலுக்குப் பொறுப்பான இவள்தான் முதலாமவர். ஆமை இரண்டாமவர். ஒரு புள்ளிக்கு அரை நாள் எடுப்பார். பட்டப்பெயர் வைத்தவளே இவள்தான். "இவர் பாத்து முடிக்கறதுக்குள்ள அது அணைஞ்சே போயிடும்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். மேலிடத்தில் சொல்லி வேலையையும் பறித்தாள். அன்றைக்கே மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மிச்சப் புள்ளிகளை அவர் கணக்குக்குள் நுழைந்து தானே குறித்துவிட வந்திருந்தாள்.

கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, நாலு மணிக்கு நீயே வர்றியா?"

"வர்றேன்டி குட்டிமா. கேட்டுக்குள்ளயே நில்லு."

அவருடைய கணக்கைத் திறந்தாள்.

மிச்சமிருந்த அத்தனை வரியிலும் இரண்டாமவர் "இல்லை" என்று குறித்திருந்தார். தேதி, இன்றைய தேதி.

தேதியை இரண்டு தரம் பார்த்தாள். ஆனாலும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யார் விடுவார்கள்? ஒரு வரியைக்கூடப் படிக்காமல், மொத்தத்துக்கும் தன் பங்கு "இல்லை"யைப் போட்டாள்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

நீங்கிய வரிகள் திரையில் ஓடின. நாலாயிரத்துப் பதினொன்றாவது வரியில், புள்ளி வானில் இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்கள் இல்லை.

குட்டிமா என்று இருந்தது.

கணவனை அழைத்தாள். "ஸ்கூலுக்கு ஓடுங்க! குட்டிமா..."

"எந்தக் குட்டிமா?" அவன் குரல் தணிந்தது. "என்னம்மா ஆச்சு உனக்கு? நமக்குப் புள்ளை இல்லைன்னு அழுது ஓய்ஞ்சு எத்தனை வருஷமாச்சு?"

காலி நாற்காலியின் முன் மண்டியிட்டாள்.

"அண்ணே, தப்புதான். உண்டுன்னு போடுங்க. உங்க கால்ல விழறேன்."

மகளின் முகம் மூக்கிலிருந்து கலையத் தொடங்கியிருந்தது. பதறிப்போய்ப் பேரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். இரண்டாமவர் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

மூன்றரை.

நாலு.

அவர் அவசரப்படவில்லை.

ஐந்து மணிக்கு முட்டி வலிக்க எழுந்தாள். எதற்கு மண்டியிட்டோம் என்று விளங்கவில்லை. கையெல்லாம் மை. போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள்.

நாலாயிரத்துப் பதினொன்றில் இரண்டாமவர் "உண்டு" என்று குறித்திருந்தார். உங்கள் சம்மதம் தேவை என்றது திரை.

எண்ணே இல்லாத வரி. யாரோ விளையாடியிருக்கிறார்கள். உச்சுக்கொட்டிவிட்டு "இல்லை" என்று குறித்தாள். கணினியையும் விளக்கையும் அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே, மவுஸ் ஒரு தரம் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு, வெகு நிதானமாக, இன்னொரு தரம்.