முடிவுத் தேதி இல்லாத வியாழன்

செத்துப்போன கணவனின் ஒரு சாயங்காலத்தைத் திருப்பிக் கேட்டால் இருபது பைசா. வரி தனி.

நாகஸ்ரீ வேலை பார்த்த பெங்களூர்க் கம்பெனி தன் கருவியிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு வைத்திருந்த விலை அது. யார், எந்த நேரம், எங்கே, யாரைச் சந்திக்கிறார் என்று ஏஐ ஏஜென்ட்கள் கேட்கும். கருவி காலண்டரைத் துழாவிச் சொல்லும். அந்த ஏஜென்ட்கள் படித்து நடப்பதற்கான விளக்கப் பக்கத்தை எழுதுவது அவள் வேலை. கடைசியில் ஒரு மாதிரிக் கேள்வியும் நிஜமான பதிலும் சேர்க்க வேண்டும். அதற்கென்றே பொய்ப்பேர்க் கணக்குகள் பத்துப் பன்னிரண்டு உண்டு. அவற்றை விட்டு அவள் தன் கணவன் சேத்தனின் முகவரியைத் தட்டினாள்.

அதே கம்பெனியில் அவளுக்கு இரண்டு மாடி கீழே உட்கார்ந்திருந்தவன். போன வருஷ மழையில் ரிங் ரோடு சுரங்கப்பாதைத் தண்ணீரில் காரோடு போனான். அவன் கணக்கை மூட வேண்டும் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

பதில் வந்தது: காபி, வியாழன்தோறும் நாலரை, ஆறாம் மாடி ஜன்னலோரம். கல்யாணமான புதிதில் அவன் போட்டது. இன்றும் வியாழன்தான். அதுவரை சரி. அடியில் இன்னொரு வரி இருந்தது.

கடைசியாகத் திருத்தியவர்: சேத்தன், இன்று காலை 9.12.

"என்ன நாகஸ்ரீ, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? பக்கம் முடிஞ்சுதா இல்லியா?" டீக் கோப்பையோடு திப்பேசாமி வந்து நின்றார். தாவணகெரேக்காரர். மூன்று மாதம் முன்புதான் குழுத் தலைவராக வந்தவர், சேத்தனைப் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் சார். முடிவுத் தேதி போடாத நிகழ்ச்சி வந்தா என்ன எழுதறது?"

"நடக்கும்னு உறுதி இல்லைன்னு எழுது. மனுஷனுக்கு எழுதினா, புத்தியிருந்தா புரிஞ்சுக்கடான்னு விட்டுடலாம். இதுகளுக்குப் புத்தி ஏதும்மா? நம்பிக்கை மட்டும்தான். நீ எழுதறது அப்படியே நடக்கும். பாத்து எழுது தாயி."

அவர் போனார். நடக்கும் என்று உறுதி இல்லை. அதை அவளால் எழுத முடியவில்லை. ஒரு வருஷமாக ஊரே அதைத்தான், அவன் இனி வரமாட்டான் என்று, அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் எழுதினாள்: முடிவுத் தேதி இல்லாத நிகழ்ச்சி தொடர்ந்து நடக்கும். அழைத்தவர் வருவார்.

உலகத்தில் ஒரு இடத்திலாவது அப்படி எழுதியிருக்கட்டுமே.

சோதனை ஏஜென்ட்டைத் திறந்து கேட்டாள்: சேத்தன் எங்கே?

வந்துகொண்டிருக்கிறார்.

அழுகை வந்தது. அதற்காகவே மறுபடி கேட்டாள். கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்றது. வெளியே மழை கண்ணாடிச் சுவரை மூடியிருந்தது. ஏசி இரைச்சலுக்கு அடியில் லிஃப்ட் கம்பி இழுபடும் சத்தம், அதற்கும் அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒன்று; காபி வாசனையோடு சாக்கடை வாடையும் தண்ணீரில் ஊறிய கார் சீட்டுத் துணியின் நாற்றமும், ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தபோது வந்த அதே நாற்றம், மெல்ல மெல்ல மாடியேறி வந்தது.

மறுபடி கேட்டாள். நான்காம் மாடி.

மறுபடி. ஐந்து. அவள் இருந்தது ஆறாம் மாடியில்.

தான் எழுதிய அந்த வரியை அழித்தால் போதும். தெரியும் அவளுக்கு. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழித்தால் அவன் வரமாட்டான். அதுவும் தெரியும். அழித்தது அவள் கையாகவே இருக்கும்.

லிஃப்ட் மணி அடித்தது.

அவள் திரும்பவில்லை. காலடி. ஈரமான காலடி. பக்கத்து நாற்காலி நகர்ந்தது. முழங்கைவரை குளிர்.

"நாகஸ்ரீ!" அந்தக் கோடியிலிருந்து திப்பேசாமி குரல் கொடுத்தார். "பக்கத்துல யாரும்மா, வீட்டுக்காரரா? இப்படியா நனைஞ்சுட்டு வர்றது! தலையத் துவட்ட ஒரு துண்டு குடு, தரையெல்லாம் குளமாகுது பாரு!"

திரையின் மூலையில் மணி பார்த்தாள். நாலரை. சரியாக நாலரை.

சேத்தன் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்தவனில்லை. கல்யாண முகூர்த்தத்துக்கே இருபது நிமிஷம் தாமதம். அவள் அம்மா மண்டபத்து வாசலில் நின்று திட்டினாள்.

அப்படியானால் இது யார்?

"சேத்தன்?" என்றாள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முனகல், அவள் பெயராகவும் இருக்கலாம். அது போதுமாயிருந்தது. பாழும் மனசுக்கு அது போதுமாயிருந்தது. அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

ஊதிப்போன கை ஒன்று அவள் கைமேல் படிந்தது. மவுஸை நகர்த்தியது. ஒருமுறை அழுத்தியது.

திரையில் பதில் மாறியது.

இடம்: ரிங் ரோடு சுரங்கப்பாதை. அழைக்கப்பட்டவர்கள்: இருவர். சம்மதித்தவர்கள்: இருவர். இன்னும் பதில் சொல்லாதவர்கள்: எவருமில்லை.