கறுப்புப் பைக்குள் இரண்டு கைகள்

குமிழ் இறுகியிருந்தது சரி. அது ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பிலிம் சுற்றும் குமிழ் திரும்பவில்லையென்றால் உள்ளே கிரீஸ் காய்ந்து கல்லாகியிருக்கும். கேமரா பழுதுபார்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? ஆனால் இது அண்ணனுடைய கேமரா. இரண்டு கண்ணாடி வழியே ஒரே காட்சியை இரண்டு படமாக எடுக்கும் பழைய ஸ்டீரியோ கேமரா. பூட்டிய அறைக்குள்ளிருந்து அண்ணன் காணாமல் போனபோது இது மட்டும்தான் மிஞ்சியது. கடைசியாக என்னத்தைப் பார்த்தான் என்பது அந்தப் பிலிமில் இருந்தது. வெளிச்சம் பட்டால் அவ்வளவும் போச்சு. அதனால் கேமராவைக் கறுப்புப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடி, ரப்பர் வைத்த இரண்டு கைத்துளைகளில் முழங்கை வரை நுழைத்து, முதுகுப்பக்கத்தைத் திறந்து தடவித் தடவி வேலை செய்துகொண்டிருந்தாள்.

"படம் வந்துருச்சாம்மா?" கதவுக்கு வெளியே அண்ணி.

"இருங்க அண்ணி. உங்க வீட்டுக்காரர் மாதிரியே இதுவும் அடம் பிடிக்குது."

அண்ணி சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மத்தியான வெயில் ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்க, பைக்குள்ளிருந்து மட்டும் நெடுநாள் திறக்காத அலமாரியின் வாடை வந்தது. பைக்குள்ளேயே வைத்திருந்த எண்ணெய் பாட்டிலைத் தடவி எடுத்து, குமிழின் அடியில் தாராளமாகவே விட்டு, மெல்லத் திருப்பினாள். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு யாரோ எதிர்ப்பக்கம் திருப்பியது போலப் பழைய இடத்துக்கே போய் நின்றது.

அட கடவுளே, இது என்ன கூத்து?

மறுபடி தடவினாள். குமிழின் மேல் ஒரு விரல். அவளுடையது இல்லை.

கையை உருவினால் துளை வழியே வெளிச்சம் பாயும், படம் பாழாகும். உருவவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைத் தடவினாள். கட்டைவிரலில் நகமில்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல்.

"அண்ணா!"

சந்தோஷத்தில் அழுகை முட்டியது. பிறகுதான் கவனித்தாள், அந்தக் கை அவள் கையைப் பற்றவில்லை. குமிழ் திரும்பிவிடாதபடி உயிரைக் கொடுத்து இறுக்கிப் பிடித்திருந்தது. கிரீஸெல்லாம் இல்லை. இத்தனை நாளும் அண்ணன்தான்.

அவள் விட்ட எண்ணெயில் அவன் விரல்கள் வழுக்கின.

ஒரு விரல். இன்னொன்று. பிறகு கையே இல்லை.

குமிழ் தானாகச் சுற்றத் தொடங்கியது. லேசாக. வழவழவென்று. பிலிம் அவள் மணிக்கட்டில் ஏறியது. சுற்றியது. இறுகியது.

கையை உருவினாள். வரவில்லை. படம் போனால் போகட்டும் என்று காலை மேசையில் ஊன்றி இழுத்தாள். வரவில்லை.

"சத்தம் கேக்குதே! சரியாயிடுச்சா?" அண்ணியின் குரலில் அவ்வளவு ஆசை.

வாயைத் திறந்தாள்.

அதற்குள் முழங்கையில் இருந்த ரப்பர் தோளுக்கு வந்திருந்தது. கன்னம் துணியில் அழுந்தியது. மேசை மேல் பை தட்டையாகக் கிடந்தது. உள்ளே கேமராவும் இல்லை, கைகளும் இல்லை என்பது போல அவ்வளவு தட்டையாக. சுற்றும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.