டால்பினுக்கு ஒரு விசில்

சுகாசினியின் அப்பா தாவீது கப்பலில் சமையல்காரர். 2003ஆம் ஆண்டு ஈராக்கில் சண்டை நடந்தபோது, அவருடைய கப்பல் அந்த நாட்டு மக்களுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவர் நல்லபடியாக ஐயம்பேட்டைக்குத் திரும்பிய அன்று அம்மா அழுதாள், சிரித்தாள், பிறகு கோழிக் குழம்பு வைத்தாள்.

மறுநாள் காலை தெருமுனையில் ஒரு பேனர் முளைத்திருந்தது.

‘கண்ணிவெடிகளை அகற்றிய கடல் வேங்கையே வருக!’

கீழே தாவீதின் படம், தபால்தலை அளவில். பக்கத்தில் தெரு நலமன்றத் தலைவர் சிட்டிபாபுவின் படம், கதவு அளவில். மாலையில் பாராட்டு விழாவாம்.

அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பாவுக்கு இட்லி இறங்கவில்லை.

“நான் எங்கம்மா வெடியை எடுத்தேன்? சாம்பார்தான் வெச்சேன்.”

“அப்ப யாருப்பா எடுத்தது?”

“கண்டுபுடிச்சது டால்பினு. கடற்படைக்காரங்க பழக்கி வெச்சிருக்காங்க. தண்ணிக்கு அடியில வெடி எங்க இருக்குதுன்னு அது காட்டும். அப்புறம் ஆளுங்க போய் எடுப்பாங்க. அதுவரைக்கும் எங்க கப்பல் துறைமுகத்துக்கு வெளியவே நின்னுக்கினு இருந்துது.”

“அதுக்குப் பயமா இருக்காதா?”

“சண்டைன்னா என்னான்னே அதுக்குத் தெரியாதும்மா. விளையாட்டுன்னு நெனச்சிக்கினு தேடுது. சரியா செஞ்சா, பழக்குறவரு ஒரு விசில் ஊதுவாரு. சபாஷ்னு அர்த்தம். அப்புறம் ஒரு மீனு.”

சுகாசினி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அப்பாவைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியதற்குக் கூலி ஒரே ஒரு மீன். ஒரு நன்றிகூட யாரும் சொல்லவில்லை.

“தலைவர்கிட்ட சொல்லிடேன்பா.”

“சொன்னேன். ‘உனக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி’ன்றாரு. மேடையில பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையச் சொன்னா அவரு மூஞ்சி தொங்கிப்பூடும். பந்தல், மைக்செட்டுன்னு பாவம், அலையாத அலைச்சல் அலைஞ்சிருக்காரு.”

மாலையில் விழா தொடங்கியது. தலைவர் நெடுநேரம் பேசினார். அதில் அவருடைய பிள்ளைப் பருவம் முழுதாக வந்தது. கப்பல் கடைசியில்தான் வந்தது. பிறகு தாவீதுக்குப் ‘பட்டாடை’ போர்த்தினார். பட்டு நெய்கிற ஊர் அல்லவா? கடைசி வரிசைக்குக்கூட அது பாலியெஸ்டர் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

“நமது வேங்கை, வெடியை எடுத்த விதத்தைத் தன் வாயாலேயே சொல்வார்.”

அப்பா மைக்கைப் பிடித்தார். பந்தலைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். மைக்கைத் தட்டினார், மறுபடியும் தட்டினார்.

சுகாசினி மேடையேறி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா வெடி எடுக்கலைங்க. அவரு சமையல்காரரு. வெடியைக் கண்டுபுடிச்சது ஒரு டால்பினு. அதனாலதான் எங்கப்பா திரும்பி வந்தாரு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கதவு அளவு இருந்த தலைவரின் முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியது.

சுகாசினிக்குப் பாவமாக இருந்தது.

“சிட்டிபாபு மாமா இந்த விழா வெக்கலன்னா, நான் யாருகிட்டபோய் இதைச் சொல்லியிருப்பேன்? மாமாவுக்கும் ரொம்ப தேங்க்ஸ்.”

தலைவர் நிமிர்ந்தார். “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இந்தப் பட்டாடையை அந்த டால்பினுக்கே...”

“போத்தினா வழுக்கிடும் மாமா. அதுக்கு விசில்தான் புரியும். எல்லாரும் சேந்து ஒரு விசில் அடிக்கலாமா?”

பையன்கள் அடித்தார்கள். தறி வேலை முடித்து வந்த அண்ணன்கள் அடித்தார்கள். அம்மாவுக்குக் காற்றுதான் வந்தது. விடாமல் ஊதினாள்.

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளைச் சட்டைக் கையை மடித்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டார்.

தரை டிக்கெட்டில் உட்கார்ந்து சினிமா பார்த்த காலத்தில் பழகிய விசில் அது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. அன்று காலையிலிருந்து சிரிக்காத அப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐயம்பேட்டையிலிருந்து கடல் ரொம்ப தூரம்.

“இன்னொரு வாட்டி மாமா,” என்றாள் சுகாசினி.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபடியும் இரண்டு விரலை வாய்க்குள் விட்டார்.