பிள்ளைக்காம்பராவின் மேல் போன கோடு

பிற்பகல் மூன்று மணிக்கு வரைபடத்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது.

சிறுத்தைகள் காடு விட்டுக் காடு போகும் வழியை ஜி.ஐ.எஸ். வரைபடத்தில் கணிப்பதுதான் ஷாமிளாவின் வேலை. இருப்பிடத்தைப் புள்ளியாக அனுப்பும் கழுத்துப்பட்டி மாட்டிய ஒரே சிறுத்தை, பன்றிக்கு வைத்த சுருக்கில் போன மாதமே செத்துவிட்டது. பட்டியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்து, அலுமாரியில் பூட்டி வைத்தவன் கூட வேலை செய்யும் றம்ஸான். தகரக் கூரையில் மழை கொட்ட, ஈரச் சுவரின் பூஞ்சண நாற்றத்துக்கு நடுவே அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பட்டி அங்கேயேதான் கிடந்தது.

மூன்று பத்துக்கு அடுத்த புள்ளி. அவள் கணித்த சிவப்புக் கோட்டின் மேலேயே அது இறங்கிக்கொண்டிருந்தது.

ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கோடு போகும். எங்கே ஆள் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் அவள். மண்சரிவு எச்சரிக்கைக்குப் பிறகு பழைய பிள்ளைக்காம்பராவை மூடியாயிற்று என்றது தோட்டத்துப் பதிவேடு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இன்றும் பிள்ளைகளை அங்கேதான் விடுகிறார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. நமக்கெதற்கு வம்பு என்று அவளும் அந்த இடத்தை ஆளில்லாப் பற்றைக்காடு என்றே பதிந்தாள்; கோடு அதன் மேலேயே போனது. காலையில் தன் இரண்டு வயது மகள் டிலுக்‌ஷியை அங்கே விட்டு வந்தவளும் அவள்தான்.

அலுவலகம் இருக்கும் தெரணியகலையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பாதை மதியமே மண் சரிந்து மூடிவிட்டது. பிள்ளை பார்க்கும் இருளாயிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கதவ சாத்துங்க. யாரையும் வெளிய விடாதீங்க."

"மழைக்கு எப்பவோ சாத்தியாச்சு தங்கச்சி. எல்லாம் தூங்குதுக. ஏன்?"

"வச்சிறாதீங்க. அப்படியே இருங்க."

பற்றைக்காட்டை அழித்தாள். கட்டடம் என்று பதிந்தாள். மறுபடி கணிக்க விட்டாள். கோடு மலையைச் சுற்றி விலகிப் போனது.

புள்ளி விலகவில்லை.

மூன்று நாற்பது. வாசல்.

மூன்று ஐம்பது. உள்ளே.

"அக்கா?"

"தங்கச்சி..." இருளாயியின் குரல் இறங்கிவிட்டது. "டிலுக்‌ஷி தொட்டில் தரையத் தொடுது. கனமா தொங்குது."

"புள்ள அழுவுதா?"

"இல்ல."

"தூக்குங்க அக்கா. தூக்குங்க."

சேலைத் தொட்டிலின் கயிறு மட்டும் கேட்டது. கிரீச். கிரீச். பிறகு, ஈரமாக, பொறுமையாக, எதையோ நக்கும் சத்தம்.