பொம்பெயில் எடுத்த விபூதி

முதலில் நின்றது ஏ.சி.யா, மகள் பாரதியின் இருமலா என்று பத்மநாபனுக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அந்த மதியத்தை நினைக்கும்போதெல்லாம் வரிசை மாறிவிடுகிறது. அவள் நெற்றியில் இருந்த சாம்பல் கீற்று மட்டும் மாறுவதில்லை. குளிப்பாட்டியும் அது அழியவில்லை.

1976 ஆகஸ்ட், ஷார்ஜாவின் ரோலா பகுதி. மணற்காற்று சூரியனை மூடியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் அது ஊளையிட, கரண்ட் போன அறையில் வியர்வையோடு கந்தகமும் கலந்து, எங்கோ கல் வேகிறாற்போல ஒரு வாடை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. பக்கத்து ஃபிளாட் கௌஸ் முகைதீன் பாரதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டாக்ஸி தேடிப் போயிருந்தார்.

"இது எந்தக் கோயில் விபூதி?" என்றான் மனைவியிடம்.

ஜலஜா விசிறியை நிறுத்தவில்லை. "கம்பெனி டிரெயினிங்னு இத்தாலி போனோமே, அப்ப எடுத்தது. எரிமலை மூடின ஊர்ல ஒரு வீட்டுச் சுவத்துல மாடம் இருந்துச்சில்ல, ரெண்டு நாகம் வரைஞ்சு?"

"அது பொம்பெய், ஜலஜா. ஊரே செத்த இடம்."

"நாகம்னா நாகம்தாங்க. மாடத்துச் சாம்பலைக் கொஞ்சம் முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். காய்ச்சல் விடலையேன்னு பூசினேன். பீசா கோபுரத்தைக் கையால தாங்கி போட்டோ எடுத்த ஆளு, என்னைக் கேக்க வந்துட்டாரு."

அப்போதுதான் பாரதியின் முழங்கால்கள் மடங்கின. முஷ்டிகள் முகத்துக்கு முன் உயர்ந்து இறுகின. அந்த நிலையை அவன் பொம்பெயின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பார்த்திருக்கிறான்: வெந்து செத்தவர்களின் உடல் மட்கி, இறுகிய சாம்பலில் மிஞ்சிய வெற்றிடத்தில் சுண்ணம் ஊற்றி எடுத்த உருவங்கள்.

சாம்பல் கீற்று பரவியது. கன்னம். கழுத்து. தோல் ஓடாக இறுகியது.

"அப்பா, ஹாட். அப்பா."

வாய்க்குள் விரல் விட்டுத் தோண்டினான். கொதிக்கும் சாம்பல். மறுபடி தோண்டினான். விரல் நுனிகள் கொப்பளித்தன. பற்கள் கடித்ததில் நகம் பிய்ந்தது. உதடுகள் இருந்த இடம் மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

சுத்தியலை எடுத்தான். ஜலஜா குறுக்கே விழுந்தாள். "நம்ம பிள்ளைங்க அது."

"மூச்சு முட்டுது அவளுக்கு. விடு."

தள்ளினான். அவள் தலை சுவரில் மோதியது. ஊர்ந்து வந்து அவன் காலைப் பிடித்தாள். உதைத்தான். மீண்டும் தலை சுவரில் மோதும் சத்தம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பாரதியின் மார்பு ஓட்டில் அடித்தான். விரிசல். உள்ளே இருமல். இன்னொரு அடி. முகம் இரண்டாகப் பிளந்தது.

இருமல் இல்லை.

உள்ளே யாரும் இல்லை. மூக்கு, காதுமடல், இறுக மூடிய இமைகள், எல்லாம் ஓட்டின் உட்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. அடியில் சில பால்பற்கள்.

ஜலஜா அன்று மாலையே இறந்தாள். பாரதி என்று புதைக்கப் பற்களும் சாம்பலும்தான் இருந்தன. கதவை உடைத்து வந்த கௌஸ் முகைதீன் ஷார்ஜாவை விட்டே போய்விட்டார். பத்மநாபன் சிறையில் இருக்கிறான்.