பதினேழு சேவல்

உப்புப் பானையின் மூடிமேல் சந்தியா காலையில் தூக்கி வைத்த அம்மிக்குழவி, இப்போது தரையில் கிடந்தது.

பானைக்குள் பதினேழு குஞ்சுகள். தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டுப் பொரித்தவை. கூனிமேட்டு வியாபாரி பெட்டைக் குஞ்சைத்தான் எடுப்பார். பொரித்த அன்றே இறக்கையை விரித்துப் பார்த்துவிட வேண்டும். இறகு ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றிருந்தால் பெட்டை. எல்லாம் சமமாக இருந்தால் சேவல். சேவலை உயிரோடு உப்பில் புதைத்துவிடுவாள். உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டில் உப்புக்கா பஞ்சம்? நாற்றமும் வராது.

இந்த முறை பொரித்த அன்று பார்த்து மழை கட்டியது. இரண்டு நாள் அளத்தில் உப்பைக் குவித்து ஓலை மூடிவிட்டு, மூன்றாம் நாள்தான் பெட்டியைத் திறந்தாள். அதற்குள் இறகெல்லாம் வளர்ந்து குழம்பிக் கிடந்தது. பதினேழு குஞ்சுக்குச் சமமாகத் தெரிந்தது; சேவல் என்று பானைப் பக்கம் ஒதுக்கினாள். மாமியார் மங்கம்மா தடுத்துப் பார்த்தாள்.

"இப்ப பாத்தா தெரியாதுடி. பெட்டையும் சேவலாட்டமே இருக்கும். தலயில கொண்ட வர்ற வரைக்கும் வுடு."

"அது வரைக்கும் நீ தீனி போடுறியா அத்தே?"

மாமியார் பிரம்மதேசத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். புருஷன் பிரபு அளத்தில். வீட்டில் சந்தியாவும், உள்ளறைத் தூளியில் மூன்று மாதப் பிள்ளை பரத்தும்தான்.

வெளியே உச்சி வெயிலில் உப்பு மேடுகள் கண்ணைக் கூசவைத்தன. அடுப்படியிலோ பல்புச் சூட்டில் காய்ந்த முட்டை ஓட்டின் கவிச்சையும் ஈர இறகின் வாடையும் சுவர் சுவராக ஏறி, அவள் தொண்டைக்குள் இறங்கின. எங்கோ கொறகொறவென்று ஒரு சத்தம். உப்பைக் கால் நகத்தால் கிளறுவதுபோல.

மூடியை எடுத்தாள். குஞ்சு ஒன்றுகூட இல்லை. முழங்கை வரை விட்டுத் துழாவினாள். இல்லை.

நடுவில் மட்டும் ஒரு குழி. பதினேழு குஞ்சுக்கு அத்தனை பெரிய குழி வேண்டாம்.

சிமென்ட் தரையில் உப்புப் பொடி. அதில் மூன்று விரல் தடங்கள். உள்ளறைப் பக்கமாக.

"பரத்து..."

சத்தம் நின்றது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான். வலது கை மட்டும் துணிக்கு வெளியே. யாரோ பிடித்து விரித்துப் பார்த்ததுபோல, விறைப்பாக. கை முழுக்க உப்பு.

குனிந்தாள். ஊதினாள். உப்பு பறந்தது.

ரத்தமில்லை. காயமில்லை.

ஐந்து விரலும் ஒரே சமம்.